இளவேனிலில் நீலகிரித் தோட்டங்கள்: ஐம்புலனும் நிறைய அனுபவிக்க முழுமையான வழிகாட்டி

ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குப் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "கலர் கலரா நல்லா இருந்துச்சு" என்பார்கள். வாசனை எப்படி என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, "பெரிசா ஒண்ணும் தெரியல" என்பார்கள். பூவில் குறை இல்லை. அவர்கள் போன நேரம்தான் தப்பு.

மலைத் தோட்டத்தில் ஒவ்வொரு மணத்துக்கும், ஒவ்வொரு தொடுகைக்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி நேரம் உண்டு. காலை 7 மணிக்குக் கிடைப்பது 11 மணிக்குக் கிடைக்காது, 11 மணிக்குக் கிடைப்பது 7 மணிக்கு இருக்கவே இருக்காது. எனவே எங்கே போவது என்பதைவிட எந்த வரிசையில் போவது என்பதுதான் முக்கியம். இந்த வழிகாட்டி அந்த வரிசையைச் சொல்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்கா, உதகை அரசு தாவரவியல் பூங்கா, உதகை ரோஜாப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்து 3 பகல், 2 இரவு வேண்டும். கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் நேரக் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

1. நாளைக் குறியுங்கள்

சித்திரை, வைகாசிதான் இளவேனில் என்பது நம் கணக்கு. மலையில் அது பங்குனியிலேயே தொடங்கிவிடும். உறைபனி போன பிறகு மரங்கள் முதலில் பூக்கும், செடிகள் அப்புறம்தான்.

மார்ச் பிற்பாதி முதல் ஏப்ரல் நடு வரை மரங்களின் காலம். குன்னூர், கோத்தகிரிச் சாலையோரங்களில் ஜகரண்டா ஊதாவாக நிற்கும். தொட்டபெட்டா பக்கம் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், சிவப்பாகப் பூத்திருக்கும். கூட்டம் குறைவு. ஆனால் ரோஜாவுக்கு இது சற்று முந்திய நேரம்.

ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் ரோஜாவின் காலம். ரோஜாவைக் கவாத்து செய்தால் தளிர் விட்டு மொட்டு வைத்துப் பூக்க 45 முதல் 60 நாள் ஆகும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். பனி முடிகிற சமயத்தில் வெட்டிய செடிகளின் முதல் பூப்பு இந்த வாரங்களில் வந்து சேரும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் இந்த நாட்களையே எடுங்கள்.

மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, பழக் கண்காட்சி எல்லாம் வழக்கமாக மே மாதத்தில் நடக்கும். அந்த நாட்களில் கண்ணுக்கு விருந்து உண்டு, மற்ற நான்கு புலனுக்கும் பட்டினிதான். வரிசையில் நகர்ந்துகொண்டே ஒரு பூவை முகர முடியாது. அதோடு கண்காட்சிக்கு முந்திய வாரங்களில் பெரிய புல்வெளிகளை மூடி வைப்பதும் உண்டு. கண்காட்சித் தேதி அறிவித்ததும் புல்வெளியை எப்போது மூடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னால், செவ்வாய் முதல் வியாழனுக்குள் வருகிற மாதிரி பயணத்தை வையுங்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் ரோஜா மொட்டு விரியாமலே நனைந்து பழுப்பாகி அழுகும். "மழைக்கு அப்புறம் பசுமையா இருக்கும்" என்று ஜூன் கடைசிக்குத் தள்ளிப் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

2. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை இருக்கிறது. கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முடிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறுங்கள். முன்பதிவு திறக்கிற அன்றே டிக்கெட் போட வேண்டும், கோடையில் உடனே தீர்ந்துவிடும். ரயிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பற்சக்கரத் தண்டவாளத்தில் அது ஊர்ந்துதான் ஏறும். சன்னலைத் திறந்து வைத்தால் கல்லாற்றுப் பாக்குத் தோப்பின் ஈர வாசனை, பாறைச் சுவர்களின் பாசி வாசனை, அப்புறம் தைலமரம், கடைசியில் தேயிலை என்று உயரம் ஏற ஏற மணம் மாறுவது வரிசையாகத் தெரியும். குளிர்சாதனக் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் இது எதுவும் கிடைக்காது. காரில்தான் போகிறீர்கள் என்றால் பர்லியார் தாண்டியதும் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பையில் வைக்க வேண்டியவை, உடம்பில் இருக்கக் கூடாதவை

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆக 12 டிகிரி வித்தியாசம். மேமாத விடியலில் ஸ்வெட்டர் கட்டாயம், 10 மணிக்கு அதைக் கழற்றியாக வேண்டும். எனவே ஒரே கனத்த ஜெர்கினைவிடப் பருத்திச் சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை என்று அடுக்காக எடுங்கள். தோல்தான் முதல் புலன். அது வியர்த்துக்கொண்டோ நடுங்கிக்கொண்டோ இருந்தால் மற்றது எதிலும் மனம் நிற்காது.

வழுக்காத அடி உள்ள, சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். ஒரு சின்னத் துண்டு, வெளுத்த பருத்திக் கைக்குட்டை ஒன்று, பத்து மடங்கு காட்டும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று. இவ்வளவு போதும்.

இனி, இருக்கக் கூடாதவை. சென்ட், வாசனை பாடி ஸ்பிரே, மணமுள்ள தலையெண்ணெய், துணியில் வாசனைத் திரவம், இவை எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம். சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் வேண்டாம். மல்லிகை காதோரமே இருக்கும்போது ஒரு சாண் தள்ளி இருக்கிற ரோஜா மூக்குக்குத் தெரியாது. குமட்டலுக்கு விக்ஸ், கோடாலித் தைலம் தடவிக்கொண்டு ஏறுகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பதில் எலுமிச்சம்பழத்தைப் பையில் வையுங்கள், தேவைப்படும்போது எடுத்து முகர்ந்துவிட்டு உள்ளே வைத்துவிடலாம். பபிள்கம், பான் மசாலா வாயில் இருந்தாலும் மூக்குப் பாதி மூடிய மாதிரிதான்.

சன்ஸ்கிரீன் மட்டும் விடக் கூடாது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும், குளிர்வதால் தோல் கருகுவது தெரியாது. மணமில்லாத வகையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

4. முதல் இரவு குன்னூரில்

நேராக உதகைக்கு ஏறாதீர்கள். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். ஓர் இரவு அங்கே தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும், தலைவலி குறையும்.

மூக்குக்கும் இந்த இடைவெளி தேவை. நுகர்வு நன்றாக இருக்க மூக்கின் உட்புறம் ஈரமாக இருக்க வேண்டும். மலையின் குளிர்ந்த காற்று அதை உலர்த்தும். வந்த அன்று மாலை முழுக்க வெந்நீர் குடியுங்கள், படுக்குமுன் வெறும் தண்ணீரில் ஆவி பிடியுங்கள். தைலம் எதுவும் போடாமல்.

5. இரண்டாம் நாள் விடியல்: சிம்ஸ் பூங்கா, தோலும் காதும்

1874-இல் அமைந்த இந்தப் பூங்கா 12 ஹெக்டேர் பரப்பில் ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. மேட்டுக்கும் அடிக்கும் 30 மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் அந்த 30 மீட்டரில்தான் விஷயம் இருக்கிறது. காலை 7 மணியை ஒட்டித் திறப்பார்கள், வாசல் திறக்கும்போது அங்கே இருங்கள்.

முதலில் எங்கும் நிற்காமல் அடிக்கு இறங்குங்கள். இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கியிருக்கும். இறங்க இறங்க முகத்தில், பிறகு கழுத்தில், பிறகு கணுக்காலில் குளிர் ஏறுவது தெரியும். சால்வையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள், பிறகு போர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கதகதப்பும் கணக்கில் சேர்த்திதான். 9 மணிக்கு மேல் போனால் வெயில் பள்ளத்தைக் கலக்கிவிடும், மேலும் கீழும் ஒரே சூடு.

அடியில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். முதல் நிமிடம் உங்கள் மூச்சும் உடுப்பின் சரசரப்பும்தான் கேட்கும். அப்புறம் பக்கத்தில் இலை சொட்டும் நீர். அப்புறம் செம்மீசைச் சின்னான்களின் பேச்சு. அதிர்ஷ்டம் இருந்தால் சீகாரப் பூங்குருவி. ஓடையோரப் பள்ளங்களில் விடியலில், ஒரு சிறுவன் பாட்டு மறந்துபோய் இஷ்டத்துக்குச் சீட்டி அடிக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடும். வெயில் ஏறியதும் நிறுத்திவிடும்.

அடுத்து மரப்பெரணி. அதன் அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள். பார்க்க மரப்பட்டை போல இருக்கும், கை வைத்தால் ஈரக் கயிற்றுப் பாய். அது பட்டையே அல்ல, மேலிருந்து இறங்கிப் பின்னிக்கொண்ட வேர்கள். உச்சியில் கைப்பிடி போலச் சுருண்டிருக்கும் இளந்தளிரை மட்டும் தொடாதீர்கள். இலேசாக அழுத்தினாலே ஒடியும், ஒடிந்தால் அந்தக் கீற்று போனதுதான்.

இங்கேயே மூக்கையும் பழக்கத் தொடங்கலாம். ஒரு விதி: உதிர்ந்த இலையை மட்டும் எடுங்கள், பறிக்க வேண்டாம். கசக்கி, இரண்டு கையையும் குவித்து, அதற்குள் முகருங்கள். ஒரு வரிசையும் உண்டு. முதலில் பாசியும் ஈரமண்ணும், பிறகு பெரணி, பிறகு சைப்ரஸ், தைலமரம் எல்லாவற்றுக்கும் கடைசியில். தைலம் மூக்கைக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்யும், அதற்குப் பிறகு கால் மணி நேரம் மெல்லிய மணம் எதுவும் ஏறாது. முதலில் கண்ணில் படுவதும் தைல இலைதான் என்பதால் புதிதாக வருகிறவர்கள் அதிலேயே தொடங்கி, மற்றதில் வாசனையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

திண்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்குகள் பையின் சரசரப்புக்கே வரும். குன்னூர்ப் பக்கம் காட்டுமாடு சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் சாதாரணமாக நடமாடும். கண்டால் குறைந்தது 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது.

9 மணிக்குள் முடித்துக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். மதியத்துக்கு மேல் உதகை.

6. மூன்றாம் நாள் காலை 7 முதல் 9 வரை: தாவரவியல் பூங்கா

1848-இல் தொடங்கிய பூங்கா, 55 ஏக்கர், தொட்டபெட்டாச் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் நான்கு இடம் போதும்.

முதலில் பனி ஈரப் புல். எந்தப் புல்வெளியில் நடக்கலாம் என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றுங்கள். முதல் பத்து அடி சுரீர் என்று இருக்கும், பிறகு புல்லின் மெத்தையும் அடியில் மண்ணின் திடமும் தனித்தனியாகத் தெரியும். மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் பாதம் மரத்துப்போகும், மரத்த காலுக்குச் சுகம் ஏது? துண்டால் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுச் செருப்பு மாட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் படியைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும், முள் குத்தினாலும் தெரியாது.

இரண்டாவது, நீலமும் வெள்ளையும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நீலம் எடுப்பாகத் தெரியும், சிவப்பு கறுத்துத் தெரியும். எனவே பனிமூட்டம் கலையும் முன் நீலப் பூக்களிடம் போங்கள். ஹைட்ராஞ்சியா பூத்திருந்தால் அதன் முன் நின்றுவிடுங்கள். நீலகிரியின் அமில மண்ணில் அலுமினியத்தைச் செடி உறிஞ்சுவதால் வருகிற நீலம் அது, சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். சால்வியா, சாமந்தி, டேலியா போன்ற சிவப்பு, ஆரஞ்சுப் பாத்திகளை வெயில் வந்த பிறகு பாருங்கள்.

மூன்றாவது, கையை ஏமாற்றும் மரங்கள். காகிதப்பட்டை மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் மடித்த துணி போல அமுங்கும். உரிக்காதீர்கள், ஒருவர் உரித்த இடத்தில் அடுத்தவர் உரித்து உள்மரம் வரை போய்விடும். பூங்காவில் 2 கோடி ஆண்டுப் பழமையானது என்று குறித்து வைத்திருக்கும் கல்மரமும் இருக்கிறது. வளையமும் நரம்புமாகக் கண் "மரம்" என்று சொல்லும். தொட அனுமதி இருந்தால் கையை வையுங்கள், கை "பாறை" என்று சொல்லும்.

நான்காவது, கண்ணாடி வீடு. இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், உள்ளே இருக்கும் கதகதப்பான ஈரக் காற்று. இரண்டு மணி நேரக் குளிரில் உலர்ந்த மூக்கை அது மீட்டுத் தரும். பத்து நிமிடம் மெதுவாக நடந்து, நன்றாக மூச்சு விட்டு, அப்படியே ரோஜாப் பூங்காவுக்குக் கிளம்புங்கள்.

7. காலை 9:30 முதல் 11:30 வரை: ரோஜாப் பூங்கா

பயணத்தின் உச்சம் இதுதான், அவசரமே கூடாது.

ரோஜா விடியலில்தான் மணக்கும் என்பது சமவெளிக் கணக்கு. அங்கே காலை 6 மணிக்கே இதழில் குளிர் இருக்காது. இங்கே அதே நேரத்தில் இதழ் சில்லென்று கிடக்கும், உள்ளே இருக்கும் எண்ணெய்கள் ஆவியாகாது. வெயில் பட்டு ஓர் அரை மணி, ஒரு மணி ஆனால்தான் மணம் எழும். உச்சி வெயிலுக்குப் பிறகு அது காற்றோடு போய்விடும். ஆக இந்த இரண்டு மணி நேரம்தான்.

முதலில், வெயில் விழுந்த மேடையைத் தேடுங்கள். எல்க் மலைச் சரிவில் 5 மேடைகளாகப் பூங்கா அமைந்திருக்கிறது. எல்லா மேடைக்கும் வெயில் ஒரே நேரத்தில் வராது. செடியின் அடியில் மண் உலரத் தொடங்கிய மேடையில் ஆரம்பித்து, வெயில் நகரும் திசையில் நீங்களும் நகருங்கள். மேடையின் பின்சுவரை ஒட்டிய வரிசைகள் முதலில் சூடேறும், காற்றும் அங்கே தேங்கும்.

அடுத்து, பூவைத் தேர்ந்தெடுங்கள். மொட்டும் வேண்டாம், விரித்த குடை போல மலர்ந்ததும் வேண்டாம். பாதி விரிந்தது வேண்டும். முழுதாக விரிந்ததுதான் கிடைக்கிறது என்றால் நடுவில் பாருங்கள்: மகரந்தக் காம்புகள் பொன்னிறமாக இருந்தால் அது புதியது, பழுப்பாக இருந்தால் பழையது. பழையதில் மணம் இருக்காது. பெரிய பூ, நல்ல நிறம் என்று பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பூச்சாடியில் பல நாள் தாங்க வேண்டும் என்று உருவாக்கிய ரகங்கள் பலவற்றில் மணம் மிகக் குறைவு. அடர்சிவப்பில் பழைய பன்னீர் ரோஜா வாசனையைத் தேடுங்கள். மஞ்சளிலும் ஆரஞ்சிலும் தேயிலை, பழம், எலுமிச்சைச் சாயல் இருக்கும். பெயர்ப் பலகையில் பப்பா மெய்லாந்து, டபுள் டிலைட் என்று கண்டால் நின்றுவிடுங்கள். முன்னது கருஞ்சிவப்பில் கனத்த மணம், பின்னது வெளிர் நிறத்தில் சிவப்பு விளிம்போடு மசாலா கலந்த மணம்.

இப்போது முகர்வது. குனிவதற்கு முன் பூவுக்குள் தேனீ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், மேலோட்டமான மணம் தெரியும். அடுத்து நாலு விரல் தூரத்துக்கு வந்து இரண்டு கையையும் பூவைச் சுற்றிக் குவியுங்கள், தொடாமல். வாயால் மெதுவாக, கண்ணாடியை ஆவி படிய ஊதுவது போல, பூவின் மேல் ஒரு வெதுவெதுப்பான மூச்சு விடுங்கள். உடனே மூக்கால் மூன்று சின்ன இழுப்பு. இதழுக்குள் அடங்கியிருந்த மணம் அந்தச் சூட்டில் கிளம்பி வரும். ஒரே நீண்ட மூச்சாக இழுக்க வேண்டாம்.

நான்கு பூவுக்கு ஒரு முறை ஓய்வு கொடுங்கள். ஒரே வகை மணத்துக்கு மூக்குச் சீக்கிரம் பழகிச் செவிடாகிவிடும். கைக்குட்டையையோ சட்டைக் கையையோ முகர்ந்தபடி ஒரு நிமிடம் தூரத்து மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். முழுக் காலைக்கும் பதினைந்து, இருபது பூ போதும். பூங்காவில் ஆயிரக்கணக்கான ரகங்கள் இருக்கின்றன, அத்தனையையும் முகர்ந்துவிட வேண்டும் என்று ஓடினால் ஆறாவது பூவுக்குப் பிறகு எல்லாமே ஒன்றுபோல இருக்கும்.

உதிர்ந்த இதழ் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். ஒரு பக்கம் வெல்வெட், மறுபக்கம் வழவழப்பு. வெல்வெட் பக்கம் இதழின் மேற்புறம். அங்கே ஒவ்வொரு செல்லும் குட்டிக் கூம்பாக நிற்கிறது, ஒளி அதில் சிக்கித்தான் அடர்சிவப்பு ரோஜா அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் மேற்பரப்பு பொடி தூவியது போல மினுங்கும். விரல் நுனி தடித்துப்போனவர்கள் அதே இதழை மணிக்கட்டின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள்.

இதழை வாயில் போடாதீர்கள். காட்சிப் பூங்காவில் பூஞ்சாணத்துக்கும் பூச்சிக்கும் மருந்து அடித்திருப்பார்கள். முகரும் முன்பும் இலையில் வெள்ளைத் திட்டாக மருந்துக் கறை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுங்கள்.

செல்போன்? முதல் ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். கையில் போன் இருந்தால் பூவைச் சுற்றிக் குவிக்கக் கை இருக்காது.

8. மதியம்: பைன் மரத்தடி

12 மணிக்கு மேல் பூந்தோட்டங்களில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த நேரத்துக்கு ஏற்றது பைன் தோப்பு. வெயிலில் பிசின் இளகி, காற்று முழுக்கச் சாம்பிராணிக்கும் எலுமிச்சைக்கும் நடுவான ஒரு மணம் நிற்கும். காலையில் வந்தால் இது கிடைக்காது. தலைகுந்தா பக்கத் தோப்பு உதகைக்கு அருகில்தான். ஊசியிலைப் படுக்கை சரிவில் மிகவும் வழுக்கும், பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். சால்வையை விரித்து இருபது நிமிடம் மல்லாந்து படுத்தால் காற்று ஊசியிலைகளில் புகுந்து வரும் சத்தம் தூரத்துக் கடலலை போலக் கேட்கும்.

9. சுவைக்கு

டீயில் தொடங்குங்கள். 2,240 மீட்டரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தூளில் கொதிநீர் ஊற்றினால் சமவெளியைவிட அதிக நேரம், ஏறக்குறைய 5 நிமிடம், ஊறவிட வேண்டும். முதல் குவளையைப் பால் இல்லாமல் கேளுங்கள். காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சிக் குடியுங்கள், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இரண்டாம் குவளை பால் டீ, கூட ஊட்டி வர்க்கி. வர்க்கியை ஒரு நொடிதான் முக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அடுக்குகள் கரைந்து குவளைக்குள் விழும்.

சாலையோரத்தில் தவிட்டுப்பழம் விற்றால் வாங்குங்கள். கருநீல நிறம், தோல் மென்மை, உள்ளே பொடி விதைகள். தொட்டால் அமுங்குவதாக எடுங்கள், கெட்டியாக இருப்பது துவர்க்கும். பிளம்ஸ் மே மாதத்தில் வரத் தொடங்கும். தோலின் மேல் வெண்பூச்சு கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாதது என்று அர்த்தம்.

10. மாலை 6 மணிக்கு மேல்: தெருவோர மணம்

பூங்காக்கள் மூடுகிற நேரத்தில்தான் மலையின் இன்னொரு மணம் தொடங்கும். வீட்டு வேலிகளிலும் ஓடைக்கரைகளிலும் ஊமத்தைக்கு உறவான ஒரு செடி, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தலைகீழாகத் தொங்கும் மணிப்பூக்களோடு நிற்கும். பகலில் பக்கத்தில் போனாலும் மணக்காது. இருட்டியதும் அந்துப்பூச்சிகளை அழைக்க மணத்தை அவிழ்க்கும், பத்தடி தள்ளியே தெரியும்.

அந்தப் பத்தடியிலேயே நின்றுகொள்ளுங்கள். செடி முழுதும் விஷம். தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்து பார்வை மங்கும். பூவை அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கையருகே வைப்பதும் கூடாது. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்டுப்பூவரசின் தேனை உறிஞ்சிப் பார்ப்பதையும் தவிருங்கள், அந்த இனத்துத் தேனில் நஞ்சு இருக்கக்கூடும்.

11. கோடை மழை வந்தால்

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை சகஜம். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். மழை விட்டதும் அறைக்கு ஓட வேண்டாம். முதல் அரை மணி நேரத்தில் மண், பட்டை, அழுகிய இலை என்று தரையின் மணம் எல்லாம் எழும். அதுதான் குனிந்து முகர வேண்டிய நேரம். ரோஜாவை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நனைந்த இதழில் மணம் இருக்காது, மறுநாள் வெயில் ஏறிய பிறகு பார்க்கலாம்.

12. செடி வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு

பூங்கா வாசல்களில் விற்கும் பேன்சி, சினரேரியா, கிழங்கு பிகோனியா ஆகியவை சமவெளி மேமாத வெயிலில் ஒரு வாரம் தாங்காது. வாங்காதீர்கள். ஒட்டு ரோஜா வாங்கலாம், ஆனால் பூத்த செடியாக வேண்டாம். ஒட்டுப் பகுதிக்கு மேலே இரண்டு மூன்று கிளையும் பச்சைத் தளிரும் உள்ளதாக எடுங்கள், ஒட்டுக்குக் கீழே முளைத்தது காட்டுக்கிளை. ஈரச் சாக்கில் வேர்ப்பந்தைச் சுற்றி, வண்டியின் தரையில் நிழலில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தொட்டி மாற்றாமல் பத்து நாள் பாதி நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள். இருக்கிற மொட்டுகளை முதல் நாளே கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிக்கும் முன் செடி இருக்கிற பலத்தையெல்லாம் பூவில் செலவழித்துவிடும்.